ஏழிசை மன்னர் எம். கே. தியாகராஜ பாகவதர்

மாயவரம் கிருஷ்ணமூர்த்தி தியாகராஜ பாகவதர் (1910–1959) தமிழ் இசை நாடக மேடையிலும் திரைப்படத்திலும் பாடி நடித்த கலைஞர். எம். கே. டி. என்ற மூன்றெழுத்தாலும் 'ஏழிசை மன்னர்' என்ற பட்டத்தாலும் அறியப்படுபவர். தமிழ்த் திரையுலகின் முதல் உச்ச நட்சத்திரம் என்று அவரை அறிமுகப்படுத்துவது வழக்கம். அது சரியே. ஆனால் அவருடைய குரல் திரைப்படத்துக்காகப் பயின்ற குரல் அன்று. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில், கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி பழகிய மேடைக் குரல் அது. இதை மனத்தில் கொண்டால்தான் அவருடைய எழுச்சியும் பிற்காலத் தேய்வும் சரியாக விளங்கும்.

மேலை நாட்டு ஆபரா அரங்கில் 'டெனர்' என்றழைக்கப்படும் பாடகருக்கு என்ன இடம் உண்டோ, தமிழ் நாடக மேடையில் ராஜபார்ட் நடிகருக்கு ஏறக்குறைய அதே இடம் இருந்தது. ஆகவே முதலில் அந்தச் சொல்லின் பொருளைப் பார்த்துவிட்டுப் பாகவதரின் வாழ்க்கைக்கு வருவோம்.

டெனர் குரலும் கட்டைக் கணக்கும்

ஆபரா என்பது கதை முழுவதையும் பாட்டாலேயே நடத்திச் செல்லும் நாடகம். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் உருப்பெற்றுப் பிற ஐரோப்பிய நாடுகளுக்குப் பரவியது. அதில் ஆண் குரல்களைத் தாழ்ந்த குரல், நடுக் குரல், உயர்ந்த குரல் என்று பிரிப்பார்கள். இயல்பாகவே உயர்ந்து ஒலிக்கும் ஆண் குரலே டெனர். கதாநாயகன் வேடம் பெரும்பாலும் டெனருக்குத்தான் கிடைக்கும்.

டெனர் பாடகரின் திறமைக்கு உரைகல்லாக ஒரு சுரம் உண்டு. அதை 'ஹை சி' என்பார்கள். வினாடிக்குச் சுமார் 523 அதிர்வுகள் கொண்ட ஒலி அது. தொடக்கக் காலப் பாடகர்கள் அந்த உயரத்தை நம்மவர் 'கள்ளத் தொண்டை' என்று சொல்லும் பொய்க்குரலில்தான் தொட்டார்கள். 1837இல் பாரிஸ் நகரில் கில்பர்ட் டுப்ரே என்ற பாடகர் ரொசினியின் 'வில்லியம் டெல்' ஆபராவில் அதை முழுக் குரலில் பாடிக் காட்டினார். அதன் பிறகு முழுக் குரலில் பாடுவதே எல்லாருக்கும் அளவுகோலாகிவிட்டது.

நம் ஊரில் சுருதியைக் கட்டை என்ற கணக்கில் சொல்கிறோம். ஆர்மோனியத்தில் 'சி' என்ற கட்டையை ஆதார சட்ஜமாகக் கொண்டால் ஒரு கட்டை, 'டி' இரண்டு கட்டை, 'இ' மூன்று, 'எஃப்' நான்கு, 'ஜி' ஐந்து. இன்றைய கர்நாடக இசை மேடையில் ஆண் பாடகர் பலர் ஒரு கட்டையை ஒட்டிய சுருதியில் பாடுகிறார்கள். பழைய நாடக மேடையில் நான்கு, ஐந்து கட்டையில் பாடியவர்கள் புகழ் பெற்றார்கள். நான்கு கட்டையில் பாடுபவர் மேல் ஸ்தாயிப் பஞ்சமத்தைப் பிடித்தால் அது எந்த ஒலி என்று கணக்கிட்டுப் பாருங்கள். 'எஃப்' சட்ஜமானால் 'சி' பஞ்சமம். அதாவது டெனர் பாடகர்களின் உரைகல்லான அதே சுரம். பாரிஸ் அரங்கில் வியந்து கேட்ட உயரத்தை நம் ராஜபார்ட் நடிகர்களும் எட்ட முயன்றிருக்கிறார்கள்.

வேறுபாடும் உண்டு. டெனர் பாடகர் எழுதி வைத்த இசையை எழுதியபடியே பாடுவார். ராஜபார்ட் நடிகர் ராகத்தை விரித்து, சுரம் போட்டு, சபையின் போக்குக்கேற்பப் பாட்டை நீட்டவும் குறுக்கவும் செய்வார். ஒருவருக்குப் பின்னால் பெரிய வாத்தியக் குழு இருக்கும். மற்றவருக்கு ஓர் ஆர்மோனியமும் ஒரு மிருதங்கமுமே துணை.

காவிரி நாட்டில் பாட்டும் நாடகமும்

பாட்டால் கதை சொல்லும் மரபு காவிரிப் படுகைக்குப் புதிதன்று. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் ஷாஜி (ஆட்சிக் காலம் 1684–1712) திருவாரூர்த் தியாகேசர் மீது 'பல்லகி சேவா பிரபந்தம்' என்ற இசை நாடகத்தைத் தெலுங்கில் இயற்றினார். மெலட்டூரில் பாகவத மேளா நாடகம் இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. சீர்காழியில் வாழ்ந்த அருணாசலக் கவிராயர் (1711–1779) இராமாயணத்தை இராம நாடகக் கீர்த்தனையாகப் பாடினார். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரத்தை இயற்றினார். அவர் நெடுங்காலம் வாழ்ந்தது மாயவரத்தை ஒட்டிய பகுதி. பாகவதர் பிறந்ததும் அதே மாயவரம்தான்.

நாடகத் தொழிலுக்கும் நெல் விளைச்சலுக்கும் நெருங்கிய தொடர்பு இருந்தது. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஊரார் கையில் காசும் ஓய்வும் இருக்கும். கோயில் திருவிழாக்களும் அடுத்தடுத்து வரும். அந்த மாதங்களில் ஊர் ஊராகக் கொட்டகை எழும்பும். நாடகம் இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் முடியும்போது பொழுது விடிந்திருக்கும். பார்ப்பவர்கள் நாதஸ்வரம் கேட்டுக் காது பழகியவர்கள். திறந்த வெளியில் ஒரு மைல் தூரம் கேட்கும் இசைக்குப் பழகிய காது, மெலிந்த குரலை ஏற்றுக்கொள்வது கடினம்.

பிறப்பும் பயிற்சியும்

தியாகராஜன் 1910 மார்ச் 1 அன்று மாயவரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரி, மாணிக்கத்தம்மாள் தம்பதியருக்குப் பிறந்தார். தந்தையார் பொற்கொல்லர். குடும்பம் பின்னர் திருச்சிராப்பள்ளிக்குக் குடிபெயர்ந்தது. சிறுவனுக்குப் பள்ளிப் படிப்பில் நாட்டமில்லை. பாட்டில்தான் மனம் சென்றது. பாட்டு வேண்டாம் என்று தந்தை கண்டித்தபோது வீட்டை விட்டு ஓடிக் கடப்பைக்குப் போய்விட்டான் என்றும், அங்கே மக்கள் சூழப் பாடிக்கொண்டிருந்த மகனைக் கண்டு தந்தை மனம் மாறி அழைத்து வந்தார் என்றும் அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன.

திருச்சியில் அப்போது எஃப். ஜி. நடேச அய்யர் இருந்தார். தென்னிந்திய ரயில்வேயில் அதிகாரி, நாடகப் பித்தர், 1914இல் ரசிக ரஞ்சன சபாவைத் தோற்றுவித்தவர். பஜனைகளில் பாடிவந்த சிறுவனின் குரலைக் கேட்டு, தம் 'அரிச்சந்திரா' நாடகத்தில் லோகிதாசன் வேடத்தை அவனுக்குக் கொடுத்தார். அப்போது தியாகராஜனுக்கு வயது ஏறத்தாழ பத்து.

நாடகத்தில் பெயர் வாங்கியதோடு அவர் நிற்கவில்லை. மதுரை பொன்னு ஐயங்கார் என்ற வயலின் வித்வானிடம் முறையாகக் கர்நாடக இசை பயின்றார். ஆலத்தூர் வெங்கடேச அய்யரிடமும் பாடம் கேட்டார். நடிப்புக்கு நடராஜ வாத்தியார் ஆசான். அவருடைய இசை அரங்கேற்றத்தில் கஞ்சிரா மேதை புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை பக்கவாத்தியம் வாசித்தார். 'பாகவதர்' என்ற அடைமொழி அவர் வாயிலாகக் கிடைத்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. பொற்கொல்லர் வீட்டுப் பையனுக்கு அப்பேர்ப்பட்ட வித்வான் தந்த பட்டம் சாதாரணமானதன்று. அது கடைசிவரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

ராஜபார்ட்

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்த பாதையில் அன்றைய இசை நாடகங்கள் நடந்தன. சிறுவர்களைச் சேர்த்துப் பயிற்றுவிக்கும் 'பாய்ஸ் கம்பெனி' ஒருபுறம். ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியே பேசி, ஓர் இரவுக்கென்று மேடையில் ஒன்றுசேர்க்கும் 'ஸ்பெஷல் நாடகம்' இன்னொரு புறம். ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம் ஆகிய நால்வருக்கும் கதையும் பாட்டும் மனப்பாடம். மேடையில் எதிரே நிற்பவர் எந்த ராகத்தில் எடுக்கிறாரோ அதற்கேற்ப உடனே பதில் பாட வேண்டும். பாட்டுப் பிடித்துவிட்டால் சபையிலிருந்து 'ஒன்ஸ்மோர்' என்ற குரல் எழும். ஒரே பாட்டை மூன்று, நான்கு முறை பாட வேண்டி வரும். இரவு முழுவதும் இப்படிப் பாடி, மறுநாள் அடுத்த ஊரில் மீண்டும் பாட வேண்டும் என்றால் தொண்டைக்கு எவ்வளவு பயிற்சி வேண்டும்!

அக்காலத்து ராஜபார்ட்டுகளில் தலைசிறந்தவர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933). ஐந்து கட்டைக்கு மேல் பாடிய அவரும், கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளும் சேர்ந்த மேடை தமிழ் நாடக வரலாற்றில் தனி அத்தியாயம். கிட்டப்பா 27 வயதிலேயே மறைந்தார். அப்போது பாகவதர் இளைஞர். 'பவளக்கொடி' நாடகத்தில் அர்ஜுனனாகத் தோன்றிப் பெயர் பெற்றிருந்தார். எஸ். டி. சுப்புலட்சுமி அவருக்கு இணையாக நடித்துவந்தார்.

ஒலிபெருக்கி இல்லாமல் எப்படிக் கேட்டது?

வெறும் உரத்த குரலால் இது நடப்பதில்லை. ஆபரா பாடகர்களின் குரலை ஆராய்ந்தவர்கள் ஓர் உண்மையைக் கண்டார்கள். நன்கு பயின்ற பாடகரின் குரலில் வினாடிக்கு ஏறத்தாழ 2,500 முதல் 3,000 அதிர்வுகள் கொண்ட பகுதி தனியே வலுத்து ஒலிக்கும். வாத்தியக் குழுவின் ஒலி அந்தப் பகுதியில் வலுக் குறைந்திருக்கும். மனிதக் காதோ அந்தப் பகுதியை மிகக் கூர்மையாகக் கேட்கும். அதனால் ஒரு தனி மனிதர் குரல் பல வாத்தியங்களின் ஒலியை ஊடுருவி வருகிறது. நம் மேடையில் 'கணீர்' என்றும் 'வெண்கலத் தொண்டை' என்றும் சொல்லிப் போற்றியது ஏறக்குறைய இதே தன்மையைத்தான்.

இரண்டாவது காரணம் சுருதி. உயர்ந்த சுருதியில் பாடும் குரல் கூட்டத்தின் இரைச்சலைத் தாண்டிச் செல்லும். மூன்றாவது, சொல் தெளிவு. கதை பாட்டில் நடப்பதால் சொல் விளங்காவிட்டால் கதையே விளங்காது. பாகவதர் மேல் ஸ்தாயியில் பிருகா உதிர்க்கும்போதும் சொல் சிதையாது. ல, ள, ழ ஒலிகள் தத்தம் இடத்தில் நிற்கும். வகுப்பில் உச்சரிப்புப் பயிற்சிக்கு அவருடைய பழைய இசைத்தட்டுகளை எடுத்துக்காட்டாகப் போட்டுக் காட்டலாம்.

நாடகம் திரையேறியது

தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931இல் வந்தது. அன்று பின்னணிப் பாடல் முறை இல்லை. படப்பிடிப்பின்போதே நடிகர் பாட வேண்டும். வாத்தியக்காரர்கள் காமிராவில் படாமல் அருகில் அமர்ந்து வாசிப்பார்கள். ஆகவே பாடத் தெரியாதவர் கதாநாயகனாவது அரிது. படத் தயாரிப்பாளர்கள் நாடக மேடையைத் தேடி வந்ததற்குக் காரணம் இதுதான்.

'பவளக்கொடி' 1934இல் படமானது. இயக்கியவர் கே. சுப்ரமணியம், பாட்டும் இசையும் பாபநாசம் சிவன். இயக்குநர் பாபநாசத்துக்காரர். சிவன் பழைய தஞ்சை மாவட்டத்துப் போலகத்தில் பிறந்து பாபநாசத்தோடு பெயர் சேர்ந்தவர். கதாநாயகன் மாயவரத்துக்காரர். குடமுருட்டிக் கரையும் காவிரிக் கரையும் சேர்ந்து எடுத்த படம் என்றே சொல்லலாம். ஏறத்தாழ 50 பாடல்கள் கொண்ட அப்படம், படம் பிடித்த நாடகம் போலவே இருந்தது. மக்கள் விரும்பியதும் அதைத்தான்.

1936இல் 'நவீன சாரங்கதரா', 'சத்தியசீலன்' வந்தன. 1937இல் இரண்டு பெரிய வெற்றிகள். ஒய். வி. ராவ் இயக்கிய 'சிந்தாமணி' ஓராண்டுக்கு மேல் ஓடியது. அதன் ஆதாயத்தில் மதுரையில் சிந்தாமணி என்ற பெயரிலேயே திரையரங்கு எழுந்தது. அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'அம்பிகாபதி' இன்னொன்று. பின்னர் 'திருநீலகண்டர்' (1939), 'அசோக்குமார்' (1941), 'சிவகவி' (1943) ஆகியவை வந்தன.

இந்தப் படங்களில் பாடல்களின் எண்ணிக்கை மெல்லக் குறைந்தது. ஒவ்வொரு பாடலும் செதுக்கப்பட்டது. பாபநாசம் சிவன் பாட்டெழுதி மெட்டமைக்க, ஜி. ராமநாதன் வாத்திய இசை சேர்க்க, பாகவதர் பாடிய கூட்டணி தமிழ்த் திரையிசையின் பொற்காலங்களில் ஒன்று. 'சிவகவி'யின் சிந்து பைரவிப் பாடலும் 'ஹரிதாஸ்' படத்தின் சாருகேசிப் பாடலும் கச்சேரிக்குப் போகாத மக்களுக்கும் ராகத்தை அறிமுகம் செய்தன. ராகத்தின் பெயர் தெரியாமலே மக்கள் அதை முணுமுணுத்தார்கள். அவருடைய தோள்வரை தொங்கும் முடி 'பாகவதர் கிராப்' என்ற பெயரில் ஊரெங்கும் பரவியது.

குரல் அரங்கில், மனிதர் சிறையில்

1944 அக்டோபர் 16, தீபாவளியன்று 'ஹரிதாஸ்' வெளிவந்தது. சுந்தர்ராவ் நட்கர்னி இயக்கிய அப்படம் சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

படம் வெளியான மறுமாதம், நவம்பர் 8 அன்று, சென்னை வேப்பேரிப் பகுதியில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகையாளர் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். திரைத் துறையினரின் சொந்த வாழ்க்கையைப் பற்றி 'சினிமா தூது', 'இந்து நேசன்' இதழ்களில் எழுதிவந்தவர் அவர். சதி செய்ததாகக் குற்றம் சாட்டி டிசம்பரில் பாகவதரும் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடுவும் குற்றம் சாட்டப்பட்டுப் பின் விடுதலையானார். 1945 மே மாதம் பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் செய்த மேல் முறையீடு தள்ளுபடியாயிற்று. லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வரை வழக்கு சென்று, மறு விசாரணைக்காகத் திரும்பி வந்தது. 1947 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இருவரையும் குற்றமற்றவர்கள் என்று விடுதலை செய்தது.

அவர் சிறையிலிருந்த காலத்தின் பெரும்பகுதியில் 'ஹரிதாஸ்' ஓடிக்கொண்டிருந்தது. மக்கள் நாள்தோறும் கேட்ட குரலுக்குரியவர் சிறைக்குள் இருந்தார். ஒப்பந்தமான படங்கள் கைவிட்டுப் போயின. 'உதயணன் வாசவதத்தா' படத்தில் அவருக்குப் பதிலாக இசைமேதை ஜி. என். பாலசுப்பிரமணியம் நடித்தார்.

பாகவதரின் கதையை 'செருக்குற்றவர் வீழ்ந்தார்' என்று நீதிக்கதையாகச் சொல்லும் பழக்கம் உண்டு. இது முறையன்று. இறுதித் தீர்ப்பு அவரைக் குற்றமற்றவர் என்றது. தண்டனை பெற்றதை மட்டும் நினைவில் வைத்து விடுதலையை மறப்பது ஒரு மனிதருக்குச் செய்யும் அநீதி. அவருடைய வாழ்க்கையை மாணவர்களுக்குச் சொல்லும்போது 1945ஐச் சொன்னால் 1947ஐயும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விடுதலைக்குப் பின்

வெளியே வந்ததும் சொந்தமாக 'ராஜமுக்தி' (1948) படத்தைப் புனே பிரபாத் ஸ்டுடியோவில் எடுத்தார். அது வெற்றி பெறவில்லை. 'அமரகவி', 'சியாமளா' இரண்டும் 1952இல் வந்தன. 1957இல் தாமே இயக்கிய 'புதுவாழ்வு' வந்தது. 'சிவகாமி' அவர் மறைந்த பின் 1960இல் வெளியானது. மொத்தம் 14 படங்கள். முதல் பத்தாண்டில் 9. சிறைக்குப் பின் 5.

சிறைதான் அவரை வீழ்த்தியது என்று பொதுவாகச் சொல்வார்கள். இரண்டரை ஆண்டும், செல்வமும், உடல்நலமும் போயின என்பது உண்மையே. ஆனால் அதே வழக்கில் அதே தண்டனை பெற்று அதே நாளில் வெளிவந்த என். எஸ். கிருஷ்ணன் மீண்டும் திரையில் நிலைபெற்றார். ஆகவே சிறை மட்டுமே காரணம் என்றால் கணக்கு ஒத்துவரவில்லை.

அவர் உள்ளே இருந்த காலத்தில் தொழில் மாறிவிட்டது. பின்னணிப் பாடல் முறை வேரூன்றியது. ஒருவர் பாட இன்னொருவர் வாயசைக்கலாம் என்றானபின், கதாநாயகனுக்குப் பாட்டுத் திறமை தேவையில்லாமற் போயிற்று. 'ராஜமுக்தி'யிலேயே இதைக் காணலாம். பாகவதர் தம் பாட்டைத் தாமே பாடினார், கதாநாயகியான வி. என். ஜானகிக்கு எம். எல். வசந்தகுமாரி பின்னணி பாடினார். ஒரே படத்தில் பழைய முறையும் புதிய முறையும் அருகருகே நிற்கின்றன. ஒலிவாங்கி தொண்டைக்கு அருகே வந்துவிட்டதால் தொலைவு செல்லும் குரலுக்கும் தேவை குறைந்தது. மென்மையாகப் பாடினாலும் கேட்கும். 'அமரகவி' வந்த அதே 1952இல்தான் 'பராசக்தி' வந்தது. மக்கள் இப்போது வசனத்துக்குக் கைதட்டினார்கள். கதாநாயகனிடம் எதிர்பார்த்தது மாறிவிட்டது.

அவருக்குப் போட்டியாகக் கருதப்பட்ட, பாடி நடித்த புதுக்கோட்டை பி. யு. சின்னப்பா 1951இல் மறைந்தார். அவரிடத்துக்கும் இன்னொரு பாடும் கதாநாயகன் வரவில்லை. மறைந்தது ஒரு தனி மனிதரின் செல்வாக்கு மட்டுமன்று, ஒரு தொழில்முறையே மறைந்துகொண்டிருந்தது என்பதற்கு இது சான்று. வழக்கு நேர்ந்திராவிட்டால் இந்த மாற்றத்தை அவர் களத்தில் நின்று எதிர்கொண்டிருப்பார். மெல்ல மேடைக் கச்சேரிக்குத் திரும்பும் வாய்ப்பும் இருந்திருக்கும். வழக்கு அந்த அவகாசத்தைப் பறித்துக்கொண்டது.

இத்தாலியப் பாடகர் என்ரிக்கோ கரூசோவின் (1873–1921) வாழ்க்கையை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஏழைக் குடும்பத்தில் பிறந்து, 1902 முதல் பதிவான இசைத்தட்டுகளால் உலகப் புகழ் பெற்ற டெனர் அவர். 48 வயதில் மறைந்தார். ஆனால் அவருக்குப் பின்னும் ஆபரா அரங்குகள் இருந்தன. அரசும் செல்வரும் ஆதரித்தனர். அவர் பாடிய வேடங்களை அடுத்த டெனர் பாடினார். 49 வயதில் மறைந்த நம் பாகவதருக்குப் பின் அவர் நின்ற மேடைக்கு அத்தகைய ஆதரவு அமையவில்லை. நாடகக் கொட்டகைகள் பல சினிமாக் கொட்டகைகளாகிவிட்டன.

மறைவும் தொடர்ச்சியும்

இறுதி ஆண்டுகளில் நீரிழிவு அவரை வாட்டியது. கண் பார்வையும் குன்றியது. 'அசோக்குமார்' படத்தில் கண்ணிழந்த குணாளனாகப் பாடி நடித்தவர் அவர். அந்த நிலையிலும் கோயில்களிலும் கச்சேரிகளிலும் பாடினார். 1959 நவம்பர் 1 அன்று சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் காலமானார். உடல் திருச்சிக்குக் கொண்டு செல்லப்பட்டு சங்கிலியாண்டபுரத்தில் இறுதிச் சடங்கு நடந்தது. திருச்சியில் அவருக்கு மணிமண்டபம் அமைந்துள்ளது.

அவருடைய பாணி உடனே மறைந்துவிடவில்லை. மதுரையில் பாகவதரின் பாடல்களைப் பாடிப் பாடியே குரலைப் பழக்கிய டி. எம். சௌந்தரராஜன், 1950இல் வந்த 'கிருஷ்ண விஜயம்' படத்தில் அதே சாயலில் பாடித் திரையுலகில் நுழைந்தார். பின்னர் கதாநாயகர் பலருக்கும் அவரே குரல் கொடுத்தார். சீர்காழி கோவிந்தராஜன் (1933–1988) உயர்ந்த சுருதியும் தெளிந்த சொல்லும் கொண்ட காவிரிப் படுகைக் குரலைப் பக்திப் பாடலிலும் திரையிலும் நிலைநாட்டினார். முன்பு ஒரே மனிதரிடம் இருந்த முகமும் குரலும் இரண்டாகப் பிரிந்தன. குரல் திரைக்குப் பின்னே போய் வாழ்ந்தது.

பாகவதரைக் கேட்க விரும்புவோர் 'சிவகவி', 'ஹரிதாஸ்' ஆகிய இரு படங்களின் பாடல்களிலிருந்து தொடங்கலாம். பதிவின் இரைச்சலுக்குக் காது பழகச் சிறிது நேரம் பிடிக்கும். பழகிய பின் மூன்றைக் கவனிக்க வேண்டும்: மேல் ஸ்தாயியிலும் நெரியாத குரல், வேகத்திலும் சிதையாத சொல், எங்கே நிறுத்தி மூச்சு வாங்குகிறார் என்பது. இந்த மூன்றும் ஒலிப்பதிவுக் கூடத்தில் கற்றவை அல்ல. தை, மாசி இரவுகளில் கீற்றுக் கொட்டகையில், தரை டிக்கெட்டில் அமர்ந்திருந்தவர்களுக்காகப் பாடிப் பாடிப் பெற்றவை.